துரையின் உயிர் இரண்டு கடலை

பொகவந்தலாவை பஜாரில் விஜிதரனின் சலூனுக்குப் போனால் தலைப்பாரம் மட்டுமல்ல, மனப்பாரமும் குறையும் என்பார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவன் பேசவே மாட்டான், கேட்பான். மாமியார் சண்டை, முழங்கால் வலி, மகளுக்கு வந்த வரன், மருமகனின் குடி எல்லாவற்றையும் அந்த நாற்காலியில்தான் வந்து கொட்டுவார்கள். "ம்... அப்படியா? சரிதான்." இதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒரு சொல் உதிராது. கழுத்தில் கத்தி வைத்திருக்கிறவன் வாயைத் திறந்தால் உட்கார்ந்திருப்பவர் பயந்துவிடுவார் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

முப்பத்து நான்கு வயதாகிறது, இன்னும் கல்யாணமாகவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும், பெண்ணின் அப்பா பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பெண்ணைப் பார்க்க மறந்து வீடு திரும்பினான். இவனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பார்க்க வேண்டும். அன்றைக்கு விஜிதரன் வேறு ஆள். தேயிலைத் தோட்டத்துக் கீழ்க்கணக்கில், அதாவது கீழ்ப்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்காம்பராவுக்குப் போவான். வாரநாளில் அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஞாயிறு பிள்ளைகள் இல்லை. அதனால் நான்கு வளர்ந்த ஆட்கள், முழங்கால் தாடையில் இடிக்க, பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்து விளையாடுவார்கள்.

சீட்டும் இல்லை, கேரமும் இல்லை. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வீரனாக இறங்கி, "நான் குகைக்குள்ள போறேன்", "நான் வாள உருவுறேன்" என்பார்கள். வெட்டு விழுந்ததா, கடி பட்டதா என்பதை இருபது பக்கமுள்ள ஒரு பகடை சொல்லும். கொழும்பில் ஒரு சலூனில் வேலை பார்த்த காலத்தில், மாடியில் தங்கிக் கம்பஸில் படித்த பையன்களிடம் விஜிதரன் இதைப் பழகிக்கொண்டான். அவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்த அன்று ஆள் குறைகிறதென்று இவனைக் கூப்பிட்டார்கள். போனவன் திரும்பி வந்தபோது, கதை சொல்லுகிற ஆள் என்று ஒருவன் இந்த உலகத்தில் இருக்கலாம் என்பதைக் கண்டுபிடித்திருந்தான். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் இரண்டு கத்தரிக்கோலும் ஒரு பகடையும் இருந்தன.

அவனுடைய கதையில் இறங்குகிறவர்கள் மூன்று பேர். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் பவுலின் டீச்சர் ஒரு மந்திரக்காரி. காயத்துக்கு மருந்து போடுவாள், ஆனால் அதற்கு முன் கை கழுவினாயா என்று கேட்பாள். த்ரீவீல் ஓட்டுகிற பிரதாப் ஒரு வாள்வீரன், பெயர் மின்னல் வேந்தன். மின்னல் வேந்தனுக்கும் பிரதாப்பைப் போலவே முறுக்கிய மீசை.

மூன்றாவது ஆள் வேலாயி. இருபத்தைந்து வருடமாக, தோட்டத்தை நடத்துகிற துரைமார் விரட்ட விரட்டக் கொழுந்தெடுக்கிறாள். எந்த மாதிரி வீரன் வேண்டும் என்று விஜிதரன் முதல் நாள் கேட்டபோது யோசிக்கவே இல்லை.

"எனக்கு ஒரு துரை வேணும்."

"துரையா? வாள் பிடிக்கிற துரையாக்கா?"

"அதெல்லாம் வேணாம். அரைக்கால்சட்ட போட்டு, முட்டி வரைக்கும் கால்மேஸ் போட்டு, தொப்பி வச்ச துரை. நான் சொல்ற வேலையெல்லாம் செய்யணும்."

அன்றிலிருந்து இரண்டு வருடமாக அந்தத் துரை படாத பாடு படுகிறார். சாமான் தூக்குவது துரை. சட்டி கழுவுவது துரை. ஆற்றில் இறங்கி ஆழம் பார்ப்பது துரை. இருட்டுக் குகை வந்தால், "துரை முன்னால போவாரு" என்று வேலாயி சொல்லிவிடுவாள். ஒருமுறை மழையில் மலை உச்சியில் கூடையை மாட்டிவிட்டு அவரைக் கொழுந்தெடுக்க வைத்தாள். எடுத்து முடித்ததும் நிறுத்துப் பார்த்து, "பத்தாது" என்றாள். அன்றைக்கு வேலாயியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரே ஒரு குறை. விஜிதரனுக்கு யாரையும் சாகடிக்க வராது. மனசு கேட்காது. பகடையைக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் மறைத்து உருட்டுவான். வீரன் சாகிற மாதிரி எண் விழுந்துவிட்டால், முகத்தை மாற்றாமல் வேறு எண்ணைச் சொல்லுவான். இரண்டு வருடத்தில் ஒரு பூதம் தன் வாலிலேயே தடுக்கி விழுந்தது. ஒரு சிறுத்தைக்குப் பாயப் போகும் நேரத்தில் விரதம் என்பது ஞாபகம் வந்தது. கொள்ளைக்காரர்கள் கழுத்தில் கத்தியை வைத்த பிறகு, ஹட்டனுக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று ஓடிப்போனார்கள்.

ஒரு ஞாயிறு பிரதாப் பொறுமை இழந்துவிட்டான்.

"அண்ணே, பகடை விழுந்தது பத்தொம்போது. நீங்க சொல்றது மூணு."

விஜிதரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எப்படிப் பார்த்த?"

பவுலின் அவனுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். பிள்ளைகளின் பால் கோப்பைகளை அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடி அலுமாரி. அதில் காலண்டர் அட்டையின் பின்பக்கம், பகடை, விஜிதரனின் திருட்டு முழி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"ரெண்டு வருஷமா தெரியும்" என்றாள் பவுலின். "பாவம்னு விட்டுட்டோம்."

"இனிப் பாவம் பாக்க முடியாது" என்றான் பிரதாப். "சாவு இல்லேன்னா பயம் இல்ல, பயம் இல்லேன்னா அது என்ன சண்ட? சிவசாமி அண்ணன் ஞாயித்துக்கெழம வொலிபோலுக்குக் கூப்புட்டுக்கிட்டே இருக்காரு. அடுத்த கெழம பகடை நடு மேசையில உருளணும். யாராச்சும் சாகணும்னா சாகட்டும். இல்லேன்னா நான் போறேன்."

மூன்று பேர் இல்லாமல் இந்த ஆட்டம் நடக்காது. பிரதாப் வராத ஒரு ஞாயிறு விஜிதரன் நடத்திப் பார்த்திருக்கிறான். வேலாயியும் பவுலினும் குகை வாசலில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை கருவாட்டுக் குழம்பு வைப்பதைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனார்கள். பிரதாப் போனால் ஞாயிறு போய்விடும். ஞாயிறு போனால் வாரம் முழுக்க "ம்... அப்படியா? சரிதான்" மட்டுந்தான் மிச்சம். நினைக்கவே அவனுக்கு அழுகை வந்தது.

"சரி" என்றான். "மறைக்க மாட்டேன். செத்தா செத்ததுதான். சத்தியம்."

அடுத்த ஞாயிறு காலண்டர் அட்டையைக் காணோம். பகடை நடு மேசையில், ஒரு பிஸ்கட் டின் மூடிக்குள் இருந்தது. ஆளுக்கொரு தட்டும், தட்டில் இருபது கடலையும் இருந்தன. அது வேலாயியின் ஏற்பாடு. கடலையை அவித்து, கடுகும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து எடுத்து வருவாள். ஒரு கடலை ஒரு உயிர். கடி பட்டால் அத்தனை கடலையை எடுத்து நடுத்தட்டில் போட வேண்டும். தட்டு காலியானால் ஆள் காலி. நடுத்தட்டில் சேர்ந்ததை ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் தின்பார்கள். இவ்வளவு நாளும் யாரும் சாகாததால் நடுத்தட்டில் வாய்க்குப் பத்தாத அளவுதான் சேர்ந்திருக்கிறது, அது வேறு விஷயம்.

"கொழுந்து காய வைக்கிற தேயிலை ஸ்டோரின் பெரிய அடுப்புக்குக் கீழே ஒரு சுரங்கம்" என்று விஜிதரன் ஆரம்பித்தான். "உள்ளே போறீங்க. இருட்டு. சொத் சொத்துன்னு சத்தம். முன்னால நிக்கிறது... ஏழு தலை அட்டை."

பவுலின் வாயைப் பொத்திக்கொண்டாள். மலையில் ஒற்றைத் தலை அட்டைக்கே உப்பையும் சவர்க்காரத்தையும் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு ஏழு தலை என்றால் எப்படி இருக்கும்!

"ரெண்டு தலைதான் முழிச்சிருக்கு" என்று விஜிதரன் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "அஞ்சு தூங்குது."

"அண்ணே!"

"சரி சரி. ஏழும் முழிச்சிருச்சு."

பிறகு நடந்ததுதான் சண்டை. பகடை உருண்டது, எல்லார் கண்ணும் அதன் மேலேயே உருண்டது. ஒரு தலை மின்னல் வேந்தனின் தொடையைப் பிடித்தது, பதினாறு கடலை போயிற்று. இன்னொரு தலை மந்திரக்காரியின் காதைக் கவ்வியது. மின்னல் வேந்தன் ஒரு தலையை வெட்டினான். வெட்டிய இடத்தில் புதிதாக ஒன்று முளைத்து, "யார்ரா அது?" என்று கேட்டது. பிரதாப் நாற்காலியோடு துள்ளினான். இத்தனை நாள் கேட்ட பயம் அவனுக்கு இப்போதுதான் கிடைத்தது.

எல்லாருக்கும் முன்னால் நின்றது துரை. வழக்கம்போல வேலாயி அவரைத்தான் முன்னால் அனுப்பியிருந்தாள். உப்புப் பையைத் தலைக்கு மேல் தூக்கி, ஏழு வாய்க்கும் மாறி மாறி உப்பைப் போட்டார் மனுஷன். பதினைந்து கடலை போனது. பிறகு மூன்று போனது. வேலாயியின் தட்டில் மிச்சம் இரண்டு.

"தாங்கிக்கங்க, தாங்கிக்கங்க" என்றாள் பவுலின். "அடுத்தது என் முறை. மருந்து போட்டுருவேன்."

ஆறாவது தலையின் முறை. விஜிதரன் பகடையை உருட்டினான். அது மூடிக்குள் சுற்றியது, சுற்றியது, நின்றது. கடி. ஆனால் சின்னக் கடி.

"ஒரு கடலைதான்" என்று விஜிதரன் மூச்சு விட்டான். இதில் திருட்டுத்தனம் ஏதுமில்லை, பகடையே இரக்கப்பட்டது.

"ஒண்ணுதானே? எடுத்துக்க. இன்னும் ஒண்ணு கெடக்கு" என்று வேலாயி பகடையைப் பார்த்தபடியே தட்டில் கையை வைத்தாள். விரல் தடவியது. இன்னும் கொஞ்சம் தடவியது. கடுகு அகப்பட்டது, கறிவேப்பிலை அகப்பட்டது. கடலை அகப்படவில்லை.

மூன்று பேரும் மெல்லத் திரும்பி, வேலாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரதாப்பைப் பார்த்தார்கள். அவனுடைய தாடை அசைந்துகொண்டிருந்தது. பார்த்ததும் நின்றது.

"டேய்" என்றாள் வேலாயி. "வாய்ல என்ன?"

"பயத்துல... கை அதுபாட்டுக்கு..."

"முழுங்கிட்டியா?"

"ஒண்ண முழுங்கிட்டேன். ஒண்ணு பாதி இருக்கு."

"பாதி கடலைக்குப் பாதி உசிர் உண்டா விஜி?" என்று பவுலின் பதறினாள். "துப்பு, துப்பு, கழுவி வைப்போம்!"

அவள் போட்ட சத்தத்தில் பிரதாப் மிரண்டு, அந்தப் பாதியையும் விழுங்கிவிட்டான்.

வெளியே ஒரு கோழி கொக்கரித்தது.

"அண்ணே" என்றான் பிரதாப். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "என் தட்டுல நாலு இருக்கு. ரெண்டத் துரைக்குக் குடுத்துர்றேன். எல்லாத்தையும் வேணும்னாலும் குடுக்குறேன். என்னைய கடிக்கட்டும்."

போன வாரம் சாவு வேண்டும் என்று மேசையைத் தட்டியவன்தான் இவன்! விஜிதரனுக்கு நாக்கு துடித்தது. அட்டைக்குத் தும்மல் வந்தது என்று சொல்லிவிடலாம். துரையின் கால்மேஸ் தடித்திருந்ததால் பல் இறங்கவில்லை என்று சொல்லிவிடலாம். துரை செத்தால் வேலாயி போய்விடுவாள். அவளுக்கு இந்த ஆட்டத்தில் துரையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அவள் போனாலும் ஞாயிறு போச்சு.

வேலாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, ரெண்டு வருஷம் எங்கள ஏமாத்துன. இன்னைக்கும் ஏமாத்தாத. கடலை இல்ல. துரை இருக்காரா, செத்துட்டாரா? வாயத் தொறந்து சொல்லு."

விஜிதரன் வாயைத் திறந்தான். அவன் வாழ்க்கையிலேயே மிகக் கஷ்டமான சொல் அதுதான்.

"செத்துட்டாருக்கா."

வேலாயி எழுந்தாள். அவ்வளவுதான், போகிறாள் என்று விஜிதரன் தலையில் கை வைத்தான். ஆனால் அவள் வாசலுக்குப் போகவில்லை. சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் நின்றாள்.

"சாவு விழுந்துருச்சு. எல்லாரும் வேலைய நிறுத்துங்க."

தோட்டத்தில் அது எழுதாத சட்டம். ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஆள் பேர் கூப்பிடுகிற பெரட்டு இல்லை, மலைக்கு யாரும் ஏறமாட்டார்கள். கங்காணி கத்தினாலும் சரி, மேலேயிருந்து யார் கத்தினாலும் சரி, பிணத்தை எடுத்து அனுப்பும்வரை கூடையைத் தொடமாட்டார்கள்.

"அக்கா, ஏழாவது தல இன்னும் கடிக்கல" என்றான் பிரதாப் பயந்துபோய். "அதோட முறை வரும்."

"வராது. அந்த அட்ட எங்க பொறந்துச்சு?"

விஜிதரன் தயங்கினான். "நம்ம ஸ்டோர் அடுப்புக்குக் கீழ."

"அப்ப அதுவும் நம்ம தோட்டத்து ஆளுதான். சாவன்னைக்கு ஊரே வேலைக்குப் போகாதப்ப, அது மட்டும் கடிக்கப் போகுமா? அதுக்கு ஏழு தல இருக்கு, ஒரு தலைக்காவது மருவாத தெரியாது?"

கம்பஸ் பையன்கள் சொல்லிக்கொடுத்த விதிகளையெல்லாம் விஜிதரன் மனதுக்குள் புரட்டிப் பார்த்தான். இதற்கு எதிராக ஒரு விதியும் இல்லை. "அட்டை... கடிக்கிறத நிறுத்திருச்சு" என்றான். "ஏழு தலையையும் தொங்கப் போட்டுக்கிட்டு ஓரமா நிக்கிது."

அடுத்த தகராறு, துரை எந்த மதம் என்பது. துரை என்றாலே வேதக்காரர்தான், செபம் சொல்லித்தான் அனுப்ப வேண்டும் என்றாள் பவுலின். "என் துரைக்கு நான் தப்பு அடிச்சுத்தான் அனுப்புவேன்" என்றாள் வேலாயி. கடைசியில் பவுலின் கண்ணை மூடிச் செபம் சொன்னாள், பிரதாப் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தப்படித்தான். அது முடிந்ததும் வேலாயி குட்டி நாற்காலியில் உட்கார்ந்து மாரில் கை வைத்தாள்.

"கூடையத் தலையில மாட்டிக்
கொழுந்தெடுத்த என் தொரையே,
நீங்க
ஊறப்போட்ட கால்மேசு
ஒலரலையே என் தொரையே!
நாஞ்சொன்னா மறுக்காம
நாலு சட்டி கழுவினீங்க,
இனி
யாரப் போய் நான் வெரட்ட,
எங்க போனீங்க என் தொரையே!"

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள். மூன்றாவது அடியில் குரல் உடைந்துவிட்டது. பவுலின் அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

சாவு வீட்டில் பிறகு என்ன நடக்கும்? செத்தவரைப் பற்றிப் பேசுவார்கள். பேசினார்கள். ஆற்றில் துரையின் தொப்பி மிதந்து போனதும், அதைத் திருப்பிக் கொடுத்த முதலையிடம் அவர் நன்றி சொன்னதும் என்று பவுலின் ஆரம்பித்தாள். பேய்ப் பங்களாவில் துரை கண்ணாடியைப் பார்த்துத் தானே பயந்ததை வேலாயி சொன்னாள். பிரதாப் நிறுத்தவே இல்லை. முதல் நாள் பாலத்தில் நின்ற கிழவன் என்ன சட்டை போட்டிருந்தான், பனி மலையில் துரை பாடிய பாட்டில் எத்தனை முறை இருமினார், வாலில் தடுக்கிய பூதத்தின் பெயர் என்ன என்று ஒன்று விடாமல் சொன்னான். அந்தப் பூதத்துக்குப் பெயர் வைத்ததே விஜிதரனுக்கு மறந்துபோயிருந்தது.

இதெல்லாம் விஜிதரன் சொன்ன கதை. தான் பேசினால் காற்றோடு போய்விடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். போகவில்லை. ஒரு சொல் சிந்தாமல் மூன்று பேரும் வைத்திருந்தார்கள். அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துரைக்காக அழுகிறான் என்று நினைத்து பிரதாப்பும் சேர்ந்து அழுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலாயி தீர்ப்புச் சொன்னாள். "துரைக்குப் புள்ள குட்டி இல்ல. அவரு உசிரத் தின்னவன் நீதான், அதனால கொள்ளி வைக்கிறதும் நீதான். நாளைக்கு மீசைய எடுத்துரணும். அடுத்த ஞாயித்துக்கெழம கருமாதிக்கு எல்லாரும் இங்க வரணும். அது முடிஞ்சு அந்த அட்டையப் பாத்துக்கலாம்."

"மின்னல் வேந்தன் மீசையாக்கா?" என்றான் பிரதாப் நம்பிக்கையோடு.

"உன் மீசடா."

மறுநாள் காலை சலூன் பெஞ்சு நிறைந்திருந்தது. வொலிபோல் கேப்டன் சிவசாமியும் இருந்தார். பிரதாப் உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினான். "எடுங்கண்ணே."

விஜிதரன் பாதி மீசையை எடுத்தபோது சிவசாமி பத்திரிகையைக் கீழே வைத்தார். "என்னடா பிரதாப்பு, வீட்டுல ஏதும்...? யாரு?"

"எங்க துரைண்ணே."

"ஐயையோ. அப்ப ஞாயித்துக்கெழம?"

"எப்படிண்ணே வர்றது. கருமாதி இருக்கு."

பெஞ்சில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். "எப்படிச் செத்தாரு?" என்று ஒருவர் கேட்டார். பிரதாப்பின் உதட்டில் நுரை. அவன் பேசாமல் விஜிதரனைக் கையால் காட்டினான்.

அந்தச் சலூனில் முதன்முறையாக எல்லாரும் விஜிதரனின் வாயைப் பார்த்தார்கள். அவன் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தான். "ஸ்டோர் அடுப்புக்குக் கீழ ஒரு சுரங்கம்..." என்று ஆரம்பித்தான்.

கதை என்று இரண்டாம் வசனத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. நோர்வூட் பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது, அதில் போக வேண்டியவர்கள் இரண்டு பேர் பெஞ்சிலேயே இருந்தார்கள். உப்புப் பையைத் துரை தலைக்கு மேல் தூக்கியபோது சிவசாமி முன்னால் சாய்ந்தார். வேலாயியின் விரல் காலித் தட்டைத் தடவியபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"எவன்டா அது? அடுத்தவன் உசிர எடுத்துத் தின்னவன்?"

விஜிதரன் கத்தியை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தான். பாதி மீசையோடு பிரதாப் நாற்காலியிலிருந்து எழுந்து, கழுத்தில் கட்டிய துணியோடு நின்றான்.

"நான்தாண்ணே."

சிவசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். "சரி, ஒக்காரு. விஜி, நீ நிறுத்தாத, சொல்லு. கருமாதிக்கு அந்த அட்டைக்குச் சொல்லி அனுப்புனீங்களா, இல்லியா?"